மூன்றாவது விடைத்தாள்

சஸ்கட்டூனில் நவம்பர்.
ஆறு இன்னும் முழுதாய் உறையவில்லை,
கரையோரம் மட்டும் பாலேடு மாதிரி ஒரு படலம்.
டாக்ஸிக்காரர் பாலங்களைப் பெயர் சொல்லிக் காட்டிக்கொண்டு வந்தார்.
நான் மூட்டுகளில் துரு தேடினேன்.
தொழில் புத்தி.

நாங்கள் நான்கு பேர், சங்கம் அனுப்பிய ஆட்கள்.
சம்பளம் கிடையாது. அறை உண்டு, காலைச் சாப்பாடு உண்டு,
மூன்று நாள் விடுப்பு அவரவர் கணக்கில்.
ஓடில் தெரியோ, மாங்டனில் குடிநீர்க் குழாய்களின் பொறுப்பாளி.
லார்ன் பெட்ரிஷின், சுரங்கத்தில் முப்பது வருடம்,
இடது காதில் பேசினால் கேட்காது.
இன்னொருவர் இளையவர், எதையும் இரண்டு முறை எழுதிக்கொள்கிறவர்.
இந்தக் கல்லூரி இன்னும் ஆறு வருடம்
பொறியாளர்களைச் செய்து அனுப்பலாமா என்று
நாங்கள் சொல்ல வேண்டும்.

டீன் கை கொடுத்தார். கை ஈரம்.
பெண் பார்க்க வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தோம்;
பஜ்ஜிக்குப் பதில் கேரட் கேக்.
சுவரில் பெயிண்ட் வாசம் போகவில்லை.
பாட்டுப் பாடச் சொல்லாததுதான் குறை.

ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று விடைத்தாள்கள்:
முதல் மார்க், நடுவே ஒன்று,
மயிரிழையில் தேறியது ஒன்று.
முதலாவதை நாங்கள் திறப்பதேயில்லை.
அவள் எங்கே போட்டாலும் முளைத்துவிடுவாள்.
ஐம்பத்தொன்று வாங்கியவர்தான் ஒரு நாள்
ஏதோ ஓர் ஊரில்
பள்ளிக்கூடக் கூரைக்குக் கையெழுத்துப் போடப்போகிறவர்.
கூரைக்கு மார்க் தெரியாது.
அதன்மேல் இரவெல்லாம் விழுகிற பனிக்கும்.

ஐந்தாம் பெட்டி. கட்டமைப்பியல். கேள்வி நான்கு.
பெயரைக் கறுப்பு மையால் மறைத்திருந்தார்கள்.
அழித்து அழித்து மெலிந்துபோன தாள்.
எட்டு மீட்டர் உத்திரம்.
நடுவில் அதன் தொய்வு:
இருநூற்றுப் பதினாறு மீட்டர்.

லார்ன் சிரித்தார். நானும்.
அடியில், நேரம் முடிந்ததென்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே
கிறுக்கிய மாதிரி ஒரு வரி:
‘இது இருக்க முடியாது. எங்கே தவறென்று தெரியவில்லை.
தயவுசெய்து இதைக் கட்டாதீர்கள்.’

அந்த வரிக்கு ஆசிரியர் ஒன்றும் போடவில்லை.
விடைக்குறிப்பில் அதற்கு இடமில்லை.

மிசிசாகாவில் ஒரு வாகன நிறுத்தம், ஐந்து மாடி.
ஒரு சுமையை நான் இரண்டு முறை கழித்திருந்தேன்.
தெரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
வாய் திறந்தது அதற்கு அடுத்த வாரம் சனிக்கிழமை.
பதினோரு நாள்.
கான்கிரீட் இன்னும் ஊற்றியிருக்கவில்லை, ஒன்றும் விழவில்லை.
விழாததால் யாருக்கும் தெரியாது.
இப்போது உங்களுக்கு.

ராத்திரி ஹோட்டலில் படிவம் நிரப்பினோம்.
தொழில்நெறி: போதிய சான்று உள்ளதா?
கல்லூரி நாற்பது பக்கம் கொடுத்திருந்தது,
கை குலுக்கும் படங்களோடு.
நான் சொன்னேன்: ஐந்தாம் பெட்டி, மூன்றாவது தாள், கடைசி வரி.
‘அது தப்பான விடை’ என்றார் லார்ன்.
தப்பென்று எழுதியே கொடுத்திருக்கிறதே என்றேன்.
நல்ல காதைத் திருப்பி
இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.
பதினொன்றரை வரை சண்டை.
ஓடில் இடையில் தூங்கிப்போனாள்.
கடைசியில் எழுதியது:
உத்திரம் வளைக்கும் இயந்திரம் இரண்டு வருடமாய்ப் பழுது, உடனே சரிசெய்யவும்.
தொழில்நெறி, ஓரளவு.
என் வரி அடிக்குறிப்பில் போனது, சிறிய எழுத்தில்.

மறுநாள் தாழ்வாரத்தில்
ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.
கையில் அட்டைப் பாலத்தோடு ஒரு பையன்,
நாங்கள் வெளியே போகக் கதவைக் காலால் பிடித்துக்கொண்டான்.
அவனாக இருக்கலாம். பின்னால் வந்த பெண்ணாகவும்.

விமானத்துக்கு நேரமிருந்தது.
பாலத்தின் மேல் நடந்தேன், காற்று காதைக் கடித்தது.
மரத்தடி ஏற்றிய லாரி ஒன்று கடந்தது.
காலடியில் பாலம்
அசைய வேண்டிய அளவுக்கு
அசைந்தது.